மட்டாஞ்சேரி எந்தக் கோட்டுக்குள்?

1956-ஆம் ஆண்டு அக்டோபர் 31 வரை ஃபோர்ட் கொச்சி சென்னை மாநிலத்தின் மண்ணாக இருந்தது. அதன் தெருக்கள் முடியும் இடத்தில் தொடங்கும் மட்டாஞ்சேரியோ திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. கடலுக்கும் காயலுக்கும் இடையே கிடக்கும் ஒரே நிலத்துண்டில், ஒருவர் போட்ட வெற்றிலை வாயில் தீர்வதற்குள் நடந்து கடந்துவிடக்கூடிய தொலைவில், இரண்டு மாநிலங்களின் சட்டங்களும் வரிகளும் கச்சேரிகளும் எதிரெதிரே நின்றன. ஒன்றின் கோப்புகள் கோழிக்கோட்டில் இருந்த மலபார் கலெக்டரின் மேசையைத் தொட்டுச் சென்னைக் கோட்டைக்குப் போயின. மற்றொன்றின் கோப்புகள் திருவனந்தபுரத்துக்குப் போயின. மறுநாள் நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தபோது அந்த எல்லை அழிந்தது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழகத்தோடு சேர்ந்த நாளாகவே தமிழ் வாசகர்கள் அந்த நாளை நினைவில் வைத்திருக்கிறார்கள். மலபாரோடு சேர்த்துக் கொச்சித் துறைமுகத்தின் வாயிலையும் சென்னை அன்றுதான் விட்டுக்கொடுத்தது என்பது இங்கே அதிகம் பேசப்பட்டதில்லை.

மாநிலம் மாவட்டங்களாகவும், மாவட்டம் வட்டங்களாகவும், வட்டம் கிராமங்களாகவும் பிரிகிறது என்று பள்ளிப் பாடநூல்கள் கற்பிக்கின்றன. கேட்பதற்கு ஒழுங்கான படிக்கட்டாகத் தோன்றும் இந்த விளக்கம், மட்டாஞ்சேரி போன்ற ஓர் ஊரில் காலை வைத்ததும் தடுமாறிவிடுகிறது. நிலவரி வாங்குவதற்கு ஒரு கோடும், குப்பை அள்ளுவதற்கு மற்றொரு கோடும், சட்டமன்ற வாக்குக்கு வேறொரு கோடும் அந்த ஊரின் மீது ஓடுகின்றன. அவற்றை வரைந்த கைகளும் காலங்களும் வேறு, வரைந்ததன் தேவையும் வேறு. புதிய கோடு வந்ததும் பழைய கோடு அழிக்கப்படவில்லை என்பதே இந்த ஊரின் நிர்வாக வரலாற்றைப் படிக்கத் தகுந்ததாக்குகிறது.

இரண்டு கொச்சிகள்

1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்து, தெற்கே கொச்சியின் கடல்வாயைத் திறந்துவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். அதன்பின் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்படப்பு சொரூபம் எனப்பட்ட அரசகுலம் தன் இருப்பிடத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்டது. 1503-இல் போர்ச்சுக்கீசியர் அரசரின் அனுமதியோடு கடல்வாயில் கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டைக்குள் அவர்களுடைய ஆட்சியும், கோட்டைக்கு வெளியே அரசரின் ஆட்சியும் என்று நிலம் அப்போதே இரண்டாகிவிட்டது. 1555-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்களே கட்டிக் கொடுத்த அரண்மனை மட்டாஞ்சேரியில் எழுந்தது. 1663-இல் கோட்டையைப் பிடித்த டச்சுக்காரர்கள் அந்த அரண்மனையைப் பழுதுபார்த்ததால் இன்றும் அது டச்சு அரண்மனை என்றே அழைக்கப்படுகிறது. கட்டியவரின் பெயர் போய், செப்பனிட்டவரின் பெயர் நிலைத்த விசித்திரம் அது. 1568-இல் எழுந்த பரதேசி யூதர்களின் தொழுகைக்கூடம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே அமைந்ததும், கோவாவிலிருந்து வந்த கொங்கணிகள் செரலாயில் குடியமர்ந்ததும் தற்செயல் அல்ல. கோட்டைக்குள் ஆண்டவர்களின் மதக் கெடுபிடிக்கு வெளியே, அரசரின் எல்லைக்குள் இருப்பது அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது. ஆட்சி எல்லை என்பது வரி செலுத்தும் இடத்தை மட்டுமல்லாமல், யார் எங்கே உயிர் பிழைக்கலாம் என்பதையும் முடிவு செய்தது.

1795-இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1814-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, சுமத்ராவுக்கு அருகிலுள்ள பங்கா தீவைப் பெற்றுக்கொண்டு டச்சுக்காரர்கள் கொச்சி மீதான உரிமையை முறைப்படி விட்டுக்கொடுத்தார்கள். இதற்கிடையில் 1806-இல் கோட்டைச் சுவர்களை ஆங்கிலேயரே வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். சுவர் போயிற்று, சுவர் வகுத்த எல்லை போகவில்லை. சுவருக்கு உள்ளே இருந்த சிறு நிலப்பரப்பு பிரிட்டிஷ் கொச்சி என்ற பெயரோடு மலபார் மாவட்டத்தின் ஒரு தாலுகாவாயிற்று. தாலுகா என்பது மாவட்டத்துக்கு அடுத்த நிலையிலுள்ள வருவாய்ப் பிரிவு. தமிழகத்தில் வட்டம் என்பதும் அதுவே. வயநாடு, பாலக்காடு, பொன்னானி போன்ற பரந்த தாலுகாக்களோடு ஒரே பட்டியலில், மலபாரின் மற்றப் பகுதிகளிலிருந்து அரசரின் நிலத்தால் துண்டிக்கப்பட்டு, ஒரு நகரின் மூலையளவே இருந்த கொச்சித் தாலுகாவும் இடம்பெற்றது. அதே பெயரில் கொச்சி அரசுக்குள்ளும் ஒரு வருவாய்ப் பிரிவு இருந்தது. ஆக, இரண்டு அரசுகளுக்கு இரண்டு கொச்சிகள் இருந்தன. கடிதம் எழுதியவர்கள் எந்தக் கொச்சி என்று தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

இந்தக் கோடு காகிதத்தில் மட்டும் இருந்த ஒன்றல்ல. பிரிட்டிஷ் இந்தியாவில் 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமை முறைக்கு இருந்த சட்ட ஏற்பைப் பறித்தது. கொச்சி அரசு அதையொத்த பிரகடனத்தை வெளியிடுவதற்கு 1850-களின் நடுப்பகுதி வரை ஆயிற்று. அந்தப் பத்தாண்டுச் சொச்ச காலத்தில், ஒருவரை அடிமையென்று உரிமை கோரி வழக்காட முடியுமா என்ற கேள்விக்கு ஃபோர்ட் கொச்சியில் ஒரு விடையும் மட்டாஞ்சேரியில் இன்னொரு விடையும் சட்டப்படி இருந்தன. நிர்வாகப் பிரிவுகளைப் பற்றிப் பேசுகையில் பெரும்பாலும் அலுவலகங்களின் எண்ணிக்கையே பேசப்படுகிறது. ஒரு கோட்டின் இந்தப் புறமும் அந்தப் புறமும் மனிதரின் நிலை எவ்வளவு மாறியது என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று கிடைப்பது அரிது.

வணிகத்தில் இந்த எல்லை வேறு விதமாகக் கையாளப்பட்டது. கப்பலில் வரும் சரக்கு பிரிட்டிஷ் கொச்சியில் இறங்கி, சில நூறு கோல் தொலைவில் மட்டாஞ்சேரிப் பாண்டிகசாலைக்குள் நுழையும்போது அயல்நாட்டுச் சரக்காகக் கருதப்பட்டால் வணிகமே நடக்காது என்பதால், 1865-இல் பிரிட்டிஷ் அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் சுங்கம் குறித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பின்னர் 1920-இல் வந்து சேர்ந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கொச்சியை நவீனத் துறைமுகமாக்கும் பணியைத் தொடங்கியபோதும், அந்தந்த அரசுகளுக்குள் செலவையும் சுங்க வருவாயையும் பங்கிடுவது மணல் அள்ளுவதற்கு ஈடான பெரும்பணியாக இருந்தது. அள்ளிய மண்ணைக் கொட்டி உருவான வில்லிங்டன் தீவு இன்று மத்திய அரசின் கீழுள்ள துறைமுக ஆணையத்தின் நிலம். அந்தத் தீவின் மேற்குக் கரையில் கப்பல் நிற்கும் துறைக்கு மட்டாஞ்சேரி வார்ஃப் என்று பெயர்; ஆனால் அது மட்டாஞ்சேரியில் இல்லை, மட்டாஞ்சேரியைப் பார்த்தபடி இருக்கிறது.

நாட்டிலிருந்து வில்லேஜுக்கு

கோட்டைக்கு வெளியே, அரசரின் ஆட்சிக்குள் நிலம் பிரிக்கப்பட்ட முறை தமிழ் வாசகர்களுக்கு அந்நியமானதல்ல. பழைய கேரளத்தில் தேசம் என்பது மிகச் சிறிய அலகு. தமிழில் நாடு முழுவதையும் குறிக்கும் அச்சொல் அங்கே சில தெருக்களும் வயல்களும் அடங்கிய ஓர் ஊர்ப்பகுதியைக் குறித்தது. பல தேசங்கள் சேர்ந்தது நாடு. தேசத்தைத் தேசவாழியும் நாட்டை நாடுவாழியும் ஆண்டார்கள். இவர்கள் அரசரின் ஊழியர்களல்லர், பரம்பரையாக அந்த நிலத்துக்கு உரியவர்கள். சோழர் காலத்து ஊர், நாடு, வளநாடு, மண்டலம் என்ற அடுக்கில் பிற்காலப் பேரரசர்கள் வளநாடுகளுக்குத் தம் விருதுப் பெயர்களைச் சூட்டி மையத்தின் பிடியை இறுக்கியதுபோல, கொச்சியிலும் ஒரு கட்டத்தில் மையம் இறுகியது. கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் படைகளைத் திருவிதாங்கூரின் துணையோடு வெளியேற்றிய பின், 1760-களில், கொச்சி அரசர் நாடுவாழிகளின் அதிகாரத்தைப் பறித்து, நாட்டைக் கோவிலகத்தும்வாதுக்கல் என்ற பிரிவுகளாகவும், அவற்றைப் பிரவிருத்திகளாகவும் பிரித்தார்.

கோவிலகம் என்றால் அரண்மனை, வாதுக்கல் என்றால் வாயிலில். அரண்மனை வாசலில் நடக்கும் நிர்வாகம் என்பதே ஒரு வருவாய்ப் பிரிவின் பெயராயிற்று. அதன் தலைவர் காரியக்காரர். அவருக்குக் கீழே பிரவிருத்தியைக் கவனித்தவர் பார்வத்தியக்காரர். இந்தப் பெயரை நாஞ்சில் நாட்டு முதியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, திருவிதாங்கூர் ஆட்சியில் அங்கேயும் வரி வாங்கியவர் அவரே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ரெசிடென்டுகளின் செல்வாக்கில் காரியக்காரர் தாசில்தார் ஆனார், கோவிலகத்தும்வாதுக்கல் தாலுகா ஆனது. கணயன்னூர், முகுந்தபுரம், திருச்சூர், தலப்பிள்ளி ஆகிய தாலுகாக்களோடு, கொச்சி அரசின் மற்ற நிலத்திலிருந்து தனித்து விழுந்து கிடந்த சித்தூரும் அந்தப் பட்டியலில் இருந்தது. இன்று பாலக்காடு மாவட்டத்தில் உள்ள அந்தச் சித்தூர்ப் பகுதியில் தமிழ் இப்போதும் வீட்டு மொழியாக வழங்குகிறது. எல்லைக்கு அப்பால் மலபாரில் அம்சம், தேசம் என்ற வேறு அடுக்கும், அதிகாரி என்ற வேறு அலுவலரும் இருந்தார்கள். இன்றைய கேரளத்தின் வருவாய்த்துறை கொச்சி, மலபார், திருவிதாங்கூர் என்ற மூன்று மரபுகளையும் ஒட்டுப்போட்டு உருவானது என்பதால், பழைய ஆவணங்களைப் படிப்பவர் முதலில் எந்த அரசின் ஆவணம் என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த ஒட்டுப்போட்ட வரைபடத்தின் கடைசிக் கண்ணிதான் இன்றைய வில்லேஜ். மலையாளத்திலும் அது வில்லேஜ் என்றே வழங்குகிறது. கிராமம் என்ற சொல் ஊராட்சிக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. வயல் இல்லை, மேய்ச்சல் இல்லை, மிளகும் இஞ்சியும் மூட்டை மூட்டையாகக் கைமாறிய சந்தைத் தெருக்களே உண்டு என்றாலும், மட்டாஞ்சேரி ஒரு வில்லேஜ். வருவாய்த்துறையின் மொழியில் நகரம் என்ற ஒன்றே கிடையாது. சர்வே எண் இடப்பட்ட நிலம் மட்டுமே உண்டு. கொச்சித் தாலுகாவில் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, தோப்பும்படி, பள்ளுருத்தி, இடக்கொச்சி, கும்பளங்ஙி, செல்லானம் ஆகியவை தெற்குக் கரையிலும், புதுவைப்பு தொடங்கிப் பள்ளிப்புறம் வரையிலான வைப்பின் தீவின் வில்லேஜுகள் கடல்வாய்க்கு வடக்கேயும் இருக்கின்றன. ராமேசுவரம் என்ற பெயரிலும் இங்கே ஒரு வில்லேஜ் உண்டு என்பதை, இணையத்தில் நில ஆவணம் தேடும் தமிழர்கள் கவனத்தில் கொள்வது நல்லது.

மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டுக்கு உரியவர் எந்தெந்தக் கதவுகளைத் தட்ட வேண்டும் என்று பார்த்தால் கோடுகளின் வேலை புரியும். மனைக்கான நிலவரியை, அங்கே சொல்வதுபோல் கரத்தை, அவர் வில்லேஜ் ஆபீசில் கட்டுகிறார். அவர் பெயரிலுள்ள நிலங்களின் கணக்குக்குத் தண்டப்பேர் என்று பெயர். தமிழகத்தின் சிட்டாவுக்கு ஏறத்தாழ இணையானது அது. நிலம் கைமாறினால் பெயர் மாற்ற வேண்டும். நம்மூரில் பட்டா மாறுதல் எனப்படும் அந்த நடைமுறைக்கு அங்கே போக்குவரவு என்று பெயர். தமிழ்க் காதுக்குப் பேருந்து நிலையத்தை நினைவூட்டும் சொல்தான் என்றாலும், ஒருவரிடமிருந்து போவதும் மற்றொருவரிடம் வருவதும் என்று பார்த்தால் அதைவிடத் துல்லியமான சொல் இல்லை. அந்த மனையில் கட்டிய வீட்டுக்கு ஆண்டுதோறும் சொத்துவரி மாநகராட்சிக்குப் போகிறது. அதே வீட்டுக்கு ஒரே ஒரு முறை செலுத்த வேண்டிய கட்டட வரி, 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தாலுகா அலுவலகத்தின் வழியாக மாநில அரசுக்குப் போகிறது. நிலத்துக்கு ஓர் எண், வீட்டுக்கு வேறோர் எண், இரண்டையும் இணைத்துப் பார்க்கும் பொறுப்பு மட்டும் வீட்டுக்காரருக்கு.

தமிழகத்தோடு ஒப்பிட்டால் இந்த அடுக்கு சற்றுக் குட்டையானது. தமிழகத்தில் வட்டத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே குறுவட்டம் என்ற பிர்க்கா உண்டு, அதற்கு வருவாய் ஆய்வாளர் உண்டு. கேரளத்தில் இன்று வில்லேஜ் ஆபீசருக்கு நேர் மேலே தாசில்தார்தான். தமிழகத்தில் 16,000-க்கும் மேற்பட்ட வருவாய் கிராமங்கள் இருக்கையில் கேரளத்தில் உள்ளவை சுமார் 1,660. அதனால் கேரளத்து வில்லேஜ் பெரியது, மக்கள் நெருக்கம் மிகுந்தது, பல ஊழியர்கள் அமரும் அலுவலகமாக இயங்குவது. கர்ணம், முன்சீப் என்ற பரம்பரைப் பதவிகளை 1980-இல் ஒழித்துவிட்டு வந்த தமிழகத்தின் கிராம நிர்வாக அலுவலர், தனி ஆளாகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வேறுபாடாகத் தெரியும்.

மாவட்டம் என்ற நடுக்கட்டு

1956-இல் கேரளம் ஐந்து மாவட்டங்களோடு தொடங்கியது: திருவனந்தபுரம், கொல்லம், கோட்டயம், திருச்சூர், மலபார். சில வாரங்களிலேயே, 1957 ஜனவரி 1 அன்று, மலபார் மூன்றாக உடைந்தது. அதே ஆண்டு ஆலப்புழையும், 1958 ஏப்ரல் 1 அன்று எர்ணாகுளமும் பிறந்தன. 1969-இல் மலப்புறம், 1972-இல் இடுக்கி, 1980-இல் வயநாடு, 1982-இல் பத்தனம்திட்டை என்று தொடர்ந்த வரிசை 1984-இல் காசர்கோட்டோடு நின்றது. அதன்பின் நாற்பது ஆண்டுகளாகக் கேரளம் 14 மாவட்டங்களோடு இருக்கிறது. அதே காலத்தில் தமிழகம் 38-ஐத் தொட்டுவிட்டது. புதிய மாவட்டம் வேண்டும் என்ற குரல் கேரளத்தில் எழாமல் இல்லை. ஆனால் தமிழகத்தில் தேர்தலுக்குத் தேர்தல் எழும் வேகம் அங்கே இல்லாததற்கு, அதிகாரத்தின் எடை கலெக்டர் அலுவலகத்திலிருந்து உள்ளாட்சிக்குக் கொஞ்சம் நகர்ந்துவிட்டது ஒரு காரணமாகத் தோன்றுகிறது.

எர்ணாகுளம் மாவட்டத்தில் இன்று ஏழு தாலுகாக்களும் இரண்டு வருவாய்க் கோட்டங்களும் உள்ளன. வருவாய்க் கோட்டம் என்பது சில தாலுகாக்களைச் சேர்த்து ஒரு கோட்டாட்சியரின் கீழ் வைக்கும் இடைநிலைப் பிரிவு. ஒன்று மலையடிவாரத்து மூவாற்றுப்புழையில் இருக்கிறது. மற்றொன்று ஃபோர்ட் கொச்சியில். பிரிட்டிஷ் கொச்சி மறைந்து எழுபது ஆண்டுகளாகப் போகிறது, ஆனாலும் கடலோரத்துப் பழைய பங்களாக்களின் நடுவே கோட்டாட்சியரான சப் கலெக்டரின் அலுவலகம் இன்னும் அங்கேயே அமர்ந்திருக்கிறது. மாவட்டத் தலைமையகமோ எர்ணாகுளம் நகரிலிருந்து விலகிக் காக்கநாட்டுக்குப் போய்விட்டது. காக்கநாடு திருக்காக்கரை நகராட்சியைச் சேர்ந்தது என்பதால், எர்ணாகுளம் கலெக்டர் அமர்ந்திருக்கும் இடம் கொச்சி மாநகராட்சிக்குள்ளும் வராது.

மாவட்டக் கோடு அசையாதது என்று நினைக்க வேண்டியதில்லை. 1972-இல் தொடுபுழை தாலுகாவை எர்ணாகுளம் இடுக்கிக்குக் கொடுத்தது. 2023-இல் எர்ணாகுளத்தின் குட்டம்புழை வில்லேஜிலிருந்து சுமார் 12,700 எக்டேர் காட்டுநிலம் இடுக்கியின் இடமலைக்குடி வில்லேஜோடு சேர்க்கப்பட்டபோது, பாலக்காட்டைப் பின்னுக்குத் தள்ளி இடுக்கி மாநிலத்தின் மிகப் பெரிய மாவட்டமாயிற்று. காட்டுக்குள் ஒரு வில்லேஜின் கோடு நகர்ந்ததில், அதற்குச் சம்பந்தமே இல்லாத பாலக்காட்டுக் குழந்தைகள் பொது அறிவுப் புத்தகத்தைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது.

மூன்று நகராட்சிகளின் சங்கமம்

உள்ளாட்சியின் கோடு வேறு பாதையில் வந்தது. சென்னை மாகாணத்தின் 1865-ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் 1866-இல் ஃபோர்ட் கொச்சி நகராட்சி அமைந்தது. கொச்சி மகாராஜா மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்துக்கும் நகர சபைகளை ஏற்படுத்த 1896 ஆயிற்று. ஆக, தெருவிளக்கையும் சாக்கடையையும் கவனிக்கும் அதிகாரம் ஒட்டிய இரண்டு ஊர்களில் முப்பது ஆண்டு இடைவெளியில், இரண்டு வேறு அரசுகளால் கொடுக்கப்பட்டது. அவற்றுக்கிடையே ஓடும் கால்வத்திக் கால்வாயின் நீருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க நியாயமில்லை.

1967 நவம்பர் 1 அன்று இந்த மூன்று நகராட்சிகளையும், வில்லிங்டன் தீவையும், பள்ளுருத்தி, வெண்ணல, வைற்றில, இடப்பள்ளி ஊராட்சிகளையும், குண்டு தீவு போன்ற சிறு தீவுகளையும் இணைத்துக் கொச்சி மாநகராட்சி உருவாக்கப்பட்டது. இன்று சுமார் 95 சதுர கிலோமீட்டர் பரப்பும், 2011 கணக்கெடுப்பின்படி ஆறு லட்சம் மக்களும் கொண்ட அந்த மாநகராட்சி, காயலின் இரு கரைகளிலும் பரந்திருப்பதால் இரண்டு தாலுகாக்களில் கால் வைத்திருக்கிறது: மேற்குக் கரை கொச்சித் தாலுகா, கிழக்குக் கரை கணயன்னூர்த் தாலுகா. கொச்சி மாநகராட்சியின் பாதி கொச்சித் தாலுகாவில் இல்லை. கொச்சித் தாலுகாவின் வைப்பினும் செல்லானமும் கும்பளங்ஙியும் மாநகராட்சியில் இல்லை. இணைப்பில் மறைந்துபோன ஊராட்சிகளும் நகராட்சிகளும் முழுதாக மறையவில்லை என்பதற்கு, ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, பள்ளுருத்தி, வைற்றில, இடப்பள்ளி ஆகிய பெயர்களில் இயங்கும் மண்டல அலுவலகங்களே சாட்சி. பழைய எல்லை புதிய நிர்வாகத்தின் பலகையில் பெயராகத் தொங்குகிறது.

பெயர்கள் செய்யும் குறும்பு இங்கே நிற்பதில்லை. ஊராட்சிகளுக்கும் மாவட்டத்துக்கும் இடையிலுள்ள அலகு ஒன்றிய ஊராட்சி. கேரளத்தில் அது பிளாக் பஞ்சாயத்து. செல்லானம், கும்பளங்ஙி, கும்பளம் ஆகிய ஊராட்சிகள் சேர்ந்த பிளாக்குக்குப் பள்ளுருத்தி என்று பெயர். பள்ளுருத்தியோ 1967 முதல் மாநகராட்சிக்குள் இருக்கிறது. பிளாக்குக்குத் தன் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறது.

1992-இல் நிறைவேறிய 73, 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து கேரளம் 1994-இல் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் தனித்தனிச் சட்டங்கள் இயற்றியது. 941 கிராம ஊராட்சிகள், 152 பிளாக் ஊராட்சிகள், 14 மாவட்ட ஊராட்சிகள், 87 நகராட்சிகள், 6 மாநகராட்சிகள் என மொத்தம் 1,200 உள்ளாட்சி அமைப்புகள் அங்கே இயங்குகின்றன. தமிழகத்தின் ஊராட்சிகள் 12,000-க்கும் மேல் என்பதை நினைத்தால், கேரளத்து ஊராட்சி ஒன்றின் சராசரி அளவு எவ்வளவு பெரியது என்பது விளங்கும். 1996 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத்தின் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளின் கையில் கொடுத்து, எதற்குச் செலவிடுவது என்பதை மக்கள் கூடிப் பேசும்படி செய்தது. மாநிலத்தின் மற்ற அடுக்குகள் எல்லாம் மேலிருந்து கீழே ஆணை இறங்குவதற்காக அமைந்தவை. கீழிருந்து மேலே கோரிக்கை ஏறுவதற்காக அமைந்த அடுக்கு இது ஒன்றுதான்.

ஆனால் அந்த ஏணி எல்லா ஊருக்கும் ஒரே உயரத்தில் இல்லை. செல்லானத்தில் வாழும் மீனவர் ஒருவர் உள்ளாட்சித் தேர்தலில் கிராமத்துக்கும் பிளாக்குக்கும் மாவட்டத்துக்கும் மூன்று வாக்குகள் போடுகிறார். தம் வார்டின் கிராமசபையில் வாக்காளர் என்ற ஒரே தகுதியோடு எழுந்து பேசலாம். மட்டாஞ்சேரியின் சுமைத் தொழிலாளிக்கு ஒரே ஒரு வாக்கு. எர்ணாகுளம் மாவட்ட ஊராட்சி அவருக்காக அல்ல, ஊரகப் பகுதிகளுக்காக மட்டும் தேர்ந்தெடுக்கப்படுவது. எல்லா வாக்காளரும் கூடும் வார்டு சபை ஒரு லட்சம் மக்கள் தொகைக்கு உட்பட்ட நகரங்களுக்கே சட்டத்தில் வகுக்கப்பட்டிருக்கிறது. பெருநகரில் கவுன்சிலரின் தலைமையில் குடியிருப்போர் சங்கங்கள், அமைப்புகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் அமரும் வார்டுக் குழுவோடு அவர் நிறைவடைய வேண்டும். நகரம் பெரிதாகப் பெரிதாகக் குடிமகனின் குரல் சிறிதாகும்படி ஒரு சட்டம் அமைந்தது முரண்தான். மட்டாஞ்சேரியின் நெருக்கடியான சந்துகளுக்கு நேரடிக் கூட்டம் அதிகம் தேவை; கிடைத்திருப்பதோ குறைவு.

வாக்கின் கோடுகள்

மாநகராட்சியின் வார்டை அங்கே டிவிஷன் என்கிறார்கள். கால்வத்தி, ஈரவேலி, கரிப்பாலம், கொச்சங்காடி, செரலாயி, பனயப்பிள்ளி, சக்காமாடம், கருவேலிப்படி, சுள்ளிக்கல் என நீளும் மேற்குக் கொச்சி டிவிஷன்களின் பெயர்கள், எந்த வருவாய் ஆவணத்தையும்விட ஊரின் நினைவை நன்றாகச் சேமித்து வைத்திருக்கின்றன. உத்திரமேரூர்க் கல்வெட்டு பத்தாம் நூற்றாண்டில் ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவரைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது செய்ததும் இதுவே. பிரதிநிதி வேண்டுமானால் முதலில் ஊரைத் துண்டுகளாக்க வேண்டும். துண்டுகள் சமமாக இருக்க வேண்டும் என்பது நவீன காலம் சேர்த்த நிபந்தனை. அந்த நிபந்தனைக்காக நடந்த அண்மைய வார்டு மறுவரையறையில் கொச்சியின் டிவிஷன்கள் 74-லிருந்து 76 ஆகி, 2025 டிசம்பரில் அந்தக் கணக்கில் தேர்தலும் நடந்தது. கோடுகள் புதியவை, ஆனால் தலைகளை எண்ணியது 2011-இல். இடைப்பட்ட காலத்தில் புதிய கணக்கெடுப்பு நடக்கவில்லை.

சட்டமன்றத்தின் கோடு இதையும் மதிப்பதில்லை. 1957 முதல் மட்டாஞ்சேரி என்ற பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008-ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறை அதையும் பள்ளுருத்தியையும் கலைத்துவிட்டது. 2011 முதல் மட்டாஞ்சேரி வாக்காளர்கள், செல்லானம், கும்பளங்ஙி ஊராட்சிகளோடு சேர்ந்து, கொச்சி என்ற தொகுதியில் வாக்களிக்கிறார்கள். உள்ளாட்சியில் பிரிந்திருக்கும் மாநகராட்சிக்காரரும் ஊராட்சிக்காரரும் சட்டமன்றத்துக்கு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மாநகராட்சிக்குள்ளேயே தோப்பும்படிக்குத் தெற்கே இடக்கொச்சிப் பக்கம் வாழ்பவரோ திருப்பூணித்துறைத் தொகுதிக்குப் போய்விடுகிறார். ஒரு மாநகராட்சி கொச்சி, எர்ணாகுளம், திருப்பூணித்துறை, திருக்காக்கரை என்று நான்கு சட்டமன்ற உறுப்பினர்களுக்கிடையே பங்கிடப்பட்டிருக்கிறது; நால்வரும் ஒரே எர்ணாகுளம் மக்களவைத் தொகுதிக்குள் அடக்கம் என்பது அந்த மாநகராட்சிக்கு வாய்த்த ஒரு சிறு ஒழுங்கு.

இவை தவிர மாநகரக் காவல்துறைக்கு ஒரு மட்டாஞ்சேரி உண்டு, கல்வித்துறைக்கு ஓர் உபமாவட்ட மட்டாஞ்சேரி உண்டு, அஞ்சல்துறைக்கு 682002 என்ற மட்டாஞ்சேரி உண்டு. ஒவ்வொன்றும் தன் வேலைக்கு ஏற்ற அளவில் வெட்டிக்கொண்ட துணி. ஒன்றின் மீது ஒன்றை வைத்தால் ஓரங்கள் பொருந்தாது. பொருந்த வேண்டும் என்று வலியுறுத்துவதும் முழுச் சரியல்ல. நிலத்தின் சர்வே எல்லை தேர்தலுக்குத் தேர்தல் மாறினால் எந்தப் பத்திரமும் நிலைக்காது. டிவிஷனின் எல்லை மாறாமலே இருந்தால் ஒருவரின் வாக்கு மற்றவரின் வாக்கைவிடக் கனத்துவிடும். நிலைத்து நிற்க வேண்டிய கோடும், அசைந்துகொண்டிருக்க வேண்டிய கோடும் ஒரே கோடாக இருக்க இயலாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. எந்தக் கோட்டுக்கு எந்த அலுவலகம் என்பதைச் சொல்லும் பொறுப்பை எந்த அலுவலகமும் முழுமையாக ஏற்பதில்லை.

இக்கோடுகள் எல்லாம் ஒரு கணம் உறையும் நேரமும் வருகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மாவட்டமோ தாலுகாவோ வார்டோ மாறிக்கொண்டிருந்தால் யாரை எங்கே எண்ணுவது என்ற குழப்பம் வரும் என்பதால், நிர்வாக எல்லைகளை மாற்றக் கூடாது என்று ஒரு நாள் குறிக்கப்படுகிறது. 2027 கணக்கெடுப்புக்காக அந்த நாள் 2025 டிசம்பர் 31 என்று அறிவிக்கப்பட்டது. எண்ணி முடித்த பிறகு வரும் புதிய எண்ணிக்கை, மறுபடியும் வார்டுகளையும் தொகுதிகளையும் வரையச் சொல்லும். வில்லேஜின் சர்வே கற்கள் அப்போதும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதுவரை, வைப்பின் தீவின் எடவனக்காட்டிலோ ஞாறக்கலிலோ நிலம் வைத்திருப்பவர் தாலுகா அலுவலகத்தில் ஒரு வேலை என்றால், கடல்வாயைக் கடந்து ஃபோர்ட் கொச்சிக்கு வர வேண்டும். 2004-இல் திறந்த கோஸ்ரீ பாலங்கள் அவரை எர்ணாகுளத்தோடு இணைத்தனவே தவிர, அவருடைய தாலுகாவின் தலைமையிடத்தோடு இணைக்கவில்லை. அக்கரைக்கு அவரை ஏற்றிச் செல்வது, வண்டிகளையும் ஆட்களையும் ஒருசேரச் சுமக்கும் ரோ-ரோ படகு. 2018 முதல் ஓடும் அந்தப் படகு கொச்சி மாநகராட்சியின் சொத்து. அந்த மாநகராட்சியில் அவருக்கு வாக்கு இல்லை.